பட்டாக் காடு

மண் சாலை ஒரு மரக்குடிலின் முன்னால் வந்து முடிந்ததுபோல் தெரிந்தது. கிட்டப் போனால் குறுக்கே ஒரு கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குடிலிலிருந்து அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, அட்டையில் செருகிய தாளோடு வெளியே வந்தார். பெயர் என்ன, வண்டி நம்பர் என்ன, எங்கே போகிறீர்கள், எத்தனை ராத்திரி? சொன்னதையெல்லாம் பேனாவால் நிதானமாக எழுதினார். மெய்ன் மாநிலத்துக்காரருக்கு ஒரு கட்டணம், வெளியாளுக்கு அதைவிடக் கூடுதல். தம்பி போர்ட்லண்டில் குடியிருப்பவன், அவனுக்கு உள்ளூர் ரேட். மதுரையிலிருந்து வந்திருக்கும் எனக்கு எந்த ரேட் என்பதில் அவருக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

“ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட்டா இவங்க?” என்று தம்பியிடம் மெல்லக் கேட்டேன்.

“இல்லண்ணே. காட்டுக்காரங்களோட ஆளுங்க.”

காட்டுக்காரர் என்றால் நம் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருப்பவர்; சோளமும் பருத்தியும் போடுபவர். மரம் நிற்கும் காட்டுக்கு அப்படி ஒரு ஆள் இருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நமக்குக் காடு என்றால் வனத்துறை. 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்ததிலிருந்து காட்டின் வாசலில் காக்கிச் சட்டையும் எச்சரிக்கைப் பலகையும்தான் நிற்கின்றன. இங்கேயோ ஒரு பாட்டி, காசை வாங்கிக்கொண்டு ரசீது தந்து, “முதலாவது பாலத்துக்கு அப்புறம் லாரி வரும், ஓரமாகவே போங்கள்” என்று சொல்லி அனுப்புகிறார்.

செப்டம்பர் கடைசி. மேப்பிள் மரங்களில் ஒரு கிளை, அடுத்ததில் இரண்டு கிளை என்று சிவப்பு ஏற ஆரம்பித்திருந்தது. மே, ஜூனில் வந்திருந்தால் கறுப்பு ஈ கடித்தே ஊருக்குத் துரத்தியிருக்கும் என்றான் தம்பி.

மெய்னின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு காடு. அமெரிக்காவில் இதைவிடக் காடு மூடிய மாநிலம் கிடையாது. அந்தக் காட்டிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பட்டா நிலம். 1820 வரை மெய்ன் மாசசூசெட்ஸின் ஒரு பகுதியாக இருந்தது. கஜானாவுக்குப் பணம் வேண்டும் என்று வடகாட்டைச் சதுரம் சதுரமாக அளந்து விற்றார்கள். குடியானவர்கள் வந்து ஊர் கட்டுவார்கள் என்பது கணக்கு. மண்ணும் குளிரும் ஒத்துவராததால் குடியானவர்கள் வரவில்லை, மர வியாபாரிகள் வந்தார்கள். அளந்த சதுரங்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. இன்றைக்கும் வரைபடத்தில் அவற்றில் பலவற்றுக்கு ஊர்ப் பெயர் கிடையாது. ‘டி5 ஆர்12’ என்பதுபோல் எண்தான். மாநிலத்தில் ஏறக்குறைய பாதி, பஞ்சாயத்தே இல்லாத இப்படிப்பட்ட நிலம்.

இதில் வடமேற்கு மூலையில் மட்டும் சுமார் 35 லட்சம் ஏக்கரை நில உடைமையாளர்கள் சேர்ந்து ‘நார்த் மெய்ன் வுட்ஸ்’ என்ற பொது அமைப்பின் கையில் விட்டிருக்கிறார்கள். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். நாங்கள் நுழைந்தது அதற்குத் தெற்கே, அதே அமைப்பு பார்த்துக்கொள்ளும் 1,75,000 ஏக்கர் துண்டு, கே.ஐ. ஜோ-மேரி என்று பெயர். மரம் வெட்டுவது, விற்பது, நடுவது எல்லாம் அந்தந்த உடைமையாளரின் வேலை. கேட் வைப்பது, கூடாரம் அடிக்க இடம் ஒதுக்குவது, குப்பையைப் பார்த்துக்கொள்வது அமைப்பின் வேலை. நடக்கலாம், மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம், படகு விடலாம். சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை கூடாது. சைக்கிள் ஏன் கூடாது என்பது அடுத்த நாள் ஒரு மரலாரி எதிரே வந்தபோது எனக்கே புரிந்துவிட்டது.

இதை இங்கே ‘வொர்க்கிங் ஃபாரஸ்ட்’ என்கிறார்கள். உழைக்கிற காடு. முதலில் கேட்டபோது விளம்பரக் கம்பெனி கண்டுபிடித்த சொல்போல இருந்தது.

கே.ஐ. என்பது கட்டாடின் இரும்பாலையின் சுருக்கம். கேட்டை ஒட்டியே அதன் மிச்சம் நிற்கிறது: ஒரு கல் உலை, பக்கத்தில் தேன்கூட்டைக் கவிழ்த்ததுபோல் ஒரு செங்கல் சூளை. நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயின் பெரிய அண்ணன். 1843-ல் ஆரம்பித்து 1890 வரை இங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அதற்கு வேண்டிய கரி முழுவதும் சுற்றியிருந்த மரம். இப்போது ஆளைச் சூழ்ந்து நிற்கும் காடு, ஒரு காலத்தில் மூட்டம் போட்டுக் கரியாக்கிய இடத்தில் திரும்ப முளைத்தது. ‘கன்னி வனம்’ என்று எழுதலாம் என்று மனசில் ஒரு வரி வைத்திருந்தேன். சூளைக்குள் தலையை நீட்டிப் பார்த்ததும் அதைக் கைவிட்டேன்.

அங்கிருந்து கல்ஃப் ஹேகஸ் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் ஆற்றை நடந்தே கடக்க வேண்டும். பாலம் கிடையாது. செருப்பைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால் முழங்காலுக்குக் கீழே தண்ணீர், ஆனால் எலும்புவரை குளிர். தண்ணீரின் நிறம் கடுங்காப்பி. சதுப்பிலும் ஊசியிலையிலும் ஊறி வருவதால் அப்படி. அக்கரையில் ஹெர்மிடேஜ் என்ற சின்ன வெண்பைன் தோப்பு, நூறடியைத் தாண்டி நிற்கும் மரங்கள். எப்படியோ வெட்டுக்குத் தப்பியவை. பிறகு பள்ளத்தாக்கு: இரண்டு பக்கமும் சிலேட்டுப் பாறைச் சுவர், நடுவே அருவி அருவியாக ஆறு. ஓரிடத்தில் பாறைகள் இரண்டும் நெருங்கி வருகின்றன. தாடை என்று பெயர். மிதக்கவிட்ட மரங்கள் அங்கே சிக்கிக்கொள்கின்றன என்று அந்தக் காலத்தில் வெடிவைத்து வாயை அகலப்படுத்தினார்களாம். இத்தனைக்கும் இது தேசிய இயற்கைச் சின்னம் என்று அறிவிக்கப்பட்ட இடம். அழகு பார்க்க வருகிறவர்களுக்கு முன்பே இங்கே வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள்.

திரும்பும் வழியில் வெட்டு நடக்கிற ஒரு துண்டைப் பார்த்தோம். சாலையோரம் வண்டியை நிறுத்தித் தள்ளி நின்றே பார்த்தோம். பெல்ட் சக்கரம் போட்ட ஒரு இயந்திரம். கை நுனியில் இரண்டு கொடுக்கு, அடியில் சுழலும் ரம்பம். ஃபர் மரத்தை இடுப்பில் கட்டிப்பிடிக்கிறது. ரம்பம் ஒரு மூச்சு விடுகிறது. மரம் சாயவில்லை. நின்றபடியே வேரிலிருந்து பிரிந்து, அப்படியே தூக்கப்பட்டு, அடுத்த மரத்தருகே போகிறது. அதையும் பிடித்துக்கொண்டு, கரும்புக்கட்டுபோல் மூன்று நான்காகச் சேர்ந்ததும் கீழே கிடத்துகிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரே ஆள், காதில் ஏதோ பாட்டு. பத்து நிமிஷத்தில் நான் எண்ணிய மரங்கள் இருபதுக்கு மேல். காற்றில் கற்பூரத்தையும் எலுமிச்சையையும் சேர்த்து நசுக்கியதுபோல் ஒரு வாசனை. இவ்வளவு நல்ல வாசனை வருவது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அதற்கு அடுத்த துண்டு பல வருஷங்களுக்கு முன் வெட்டப்பட்டது. ராஸ்பெரிப் புதர், தோள் உயரத்துக்கு நெருக்கமாக இளம் ஃபர். மூஸ் மான் மேய வருவது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். 1970, 80-களில் ஸ்ப்ரூஸ் மொட்டுப்புழு என்ற பூச்சி இந்த மாநிலத்தின் ஃபர் காட்டைப் பெருமளவு தின்றது. செத்ததையும் சாகப்போவதையும் சேர்த்து உடைமையாளர்கள் ஏராளமாக மொட்டையடித்தார்கள். ஊரே கொதித்தது, 1989-ல் வெட்டுக்குக் கட்டுப்பாடு வைத்துச் சட்டம் வந்தது. ஆனால் அந்த மொட்டைகளில் நெருக்கமாக முளைத்த கன்றுகளுக்குள் பனிமுயல் பெருகியது. முயலைத் தின்னும் லிங்க்ஸ் பூனையும் அதன் பின்னாலேயே பெருகியது. அந்தக் கன்றுகள் வளர்ந்து மரமானால் முயல் குறையும், பூனையும் குறையும். எது நல்ல காடு என்று மனிதரைக் கேட்டால் ஒரு பதில், பூனையைக் கேட்டால் வேறு பதில்.

ராத்திரி கூடாரத்துக்குப் பக்கத்தில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தபோது தம்பியைக் கேட்டேன், “எதுக்குடா இவங்க ஊர்க்காரனை உள்ள விடணும்? கேட்டைப் பூட்டிட்டா வேலை சுலபம்தானே?”

“ஆட்டுக்கிடை மாதிரிண்ணே” என்றான்.

முதலில் சிரித்தேன். யோசித்தால் அவன் சொன்னது சரி. அறுப்பு முடிந்த வயலில் யார் ஆடு மேய்ந்தாலும் நம் ஊரில் கேட்பாரில்லை. இன்னொருத்தர் ஆட்டைக் கூப்பிட்டுக் கிடை போடவைத்து, அதற்குக் கூலியும் கொடுப்போம். புழுக்கை மண்ணுக்கு உரம். இங்கேயும் அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. அப்போது காடு காகித ஆலைகளுடையது; ஆலைக்காரருக்கு ஊர்க்காரன் வேண்டும். அவன்தான் மரம் வெட்டுகிறவன், ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறவன், காட்டில் புகை கண்டால் ஓடிவந்து சொல்கிறவன், வரி உயர்த்தலாமா என்று கேட்கும்போது ஓட்டுப் போடுகிறவன். அவன் சனிக்கிழமை மீன் பிடிக்கவும் நவம்பரில் மான் சுடவும் தடை போட்டுவிட்டு ஆலை நடத்த முடியாது. குளக்கரையில் மனை குத்தகைக்குக் கொடுத்து, சின்ன வீடு கட்டிக்கொள்ளவும் விட்டார்கள். வீடு இவனுடையது, மண் கம்பெனியுடையது.

சட்டம் உரிமையாகத் தருவது கொஞ்சம்தான். 1640-களின் காலனி ஆணை ஒன்று இன்றும் இங்கே உயிரோடு இருக்கிறது: பத்து ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கைக் குளம் எல்லாருக்கும் சொந்தம், அதை அடையத் தரிசு நிலத்தின் வழியே நடந்து போகலாம். ஆக, தண்ணீர் பொது. மரம் பொது இல்லை. மற்றதெல்லாம் வழக்கம். அந்த வழக்கத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு ஏற்பாடுகள் வந்தன. பொழுதுபோக்க வந்தவர் விழுந்து காலை முறித்துக்கொண்டால் நிலத்துக்காரரைக் கோர்ட்டுக்கு இழுப்பதைச் சட்டம் கடினமாக்கியது. 1972-ல் வந்த வரிச் சட்டம், மனையாக விற்றால் என்ன விலை போகும் என்று பார்க்காமல், மரம் வளர்ந்து என்ன வருமானம் தரும் என்று பார்த்துக் காட்டு நிலத்துக்கு வரி போட்டது. பனிவண்டித் தடங்கள் மட்டும் இந்த மாநிலத்தில் சுமார் 14,000 மைல். பெரும்பகுதி அடுத்தவர் நிலத்தில். அந்தந்த ஊர் மன்றங்கள் நிலத்துக்காரரிடம் கேட்டு வாங்கி, தாங்களே வெட்டிச் சீர் செய்து வைத்திருக்கின்றன.

மறுநாள் மில்லினாக்கெட்.

கிரேட் நார்தர்ன் பேப்பர் கம்பெனிக்காகக் காட்டுக்கு நடுவே ஒரே மூச்சில் எழுப்பிய ஊர். ‘மாய நகரம்’ என்று பட்டப்பெயர். 1900-ல் ஆலை ஓடத் தொடங்கியது. அந்தக் கம்பெனிக்கு ஒரு காலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் காடு. 1990-க்குப் பிறகு ஜார்ஜியா-பசிஃபிக், பவாட்டர் என்று கை மாறி மாறி, 2003-ல் திவால். 2008-ல் மில்லினாக்கெட் ஆலை நின்றது, 2014-ல் பக்கத்து ஊர் ஆலையும். 1970-களில் 7,000-க்கு மேல் இருந்த ஜனத்தொகை 2020 கணக்கில் 4,100 சொச்சம். பகல் பதினொரு மணிக்கு மெயின் ரோட்டில் நடந்தேன். ஒரு காப்பிக்கடை, மலையேறுபவர்களுக்கான கடை, பிறகு வரிசையாக மூடிய கதவுகள். சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றுவிடாமல் மூடிவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆலை போனாலும் காடு எங்கும் போகவில்லை. வாங்கியவர்கள் வேறு ஆட்கள், அவ்வளவுதான். ஆசிரியர்களின், அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தை மரத்தில் போட்டுப் பெருக்கித் தரும் முதலீட்டு நிறுவனங்கள், கேபிள் டி.வி. பணத்தில் 2011-ல் சுமார் 10 லட்சம் ஏக்கர் வாங்கிய ஜான் மலோன்; கனடாவின் இர்விங் குடும்பம். இவர்களும் கேட்டைத் திறந்தேதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மலோனுக்கு மில்லினாக்கெட்காரனின் ஷிஃப்ட் வேண்டாம். முதலீட்டு நிறுவனம் பத்துப் பதினைந்து வருஷத்தில் விற்று வெளியேறக் கணக்குப் போடும். ஒரு ஸ்ப்ரூஸ் அறுவைக்கு வர ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும். ஆடு இன்னும் மேய்கிறது, புழுக்கை வேண்டும் என்கிற ஆள்தான் இல்லை. எனக்குக் கவலை அங்கேதான். நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்தில், வெயர்ஹவுசர் கம்பெனி பல தலைமுறையாகச் சும்மா திறந்து கிடந்த தன் காட்டுக்கு 2010-களில் ஆண்டுச் சீட்டு விற்க ஆரம்பித்தது. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை.

பிறகு கோல்டன் ரோட்டில் ஏறினோம். மில்லினாக்கெட்டிலிருந்து கியூபெக் எல்லைவரை 96 மைல். ஆற்றில் மரம் மிதக்கவிடுவதை நிறுத்த வேண்டிய காலம் வந்தபோது, 1970-களின் தொடக்கத்தில், கிரேட் நார்தர்ன் சொந்தச் செலவில் போட்ட சாலை. (மாநிலத்தின் கடைசிப் பெரிய மரமிதப்பு 1976-ல் கெனபெக் ஆற்றில் முடிந்தது.) தனியார் சாலை என்பதால் அரசு நெடுஞ்சாலையில் அனுமதிக்காத அகலத்திலும் எடையிலும் இங்கே லாரி ஓட்டலாம். விதி எளிது: பாரம் ஏற்றிய லாரிக்குத்தான் சாலை. அது வந்தால் நீ ஓரம் கட்டு. வளைவில் நிற்காதே, பாலத்தில் நிற்காதே, பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்.

அபோல் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று கட்டாடின் மலையைப் பார்த்தோம். 5,267 அடி. உயரம் பெரிதில்லை, சுற்றிலும் தரை தட்டையாக இருப்பதால் திடீரென்று எழுந்து நிற்கிறது. அதைத் தாண்டி ஐந்தாறு மைல் போயிருப்போம், பின்சக்கரம் தடதடத்தது. கூரான கல். ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை. இரண்டு ஸ்டெப்னி எடுத்துப் போ என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். தம்பி ஒன்றைக்கூடப் பார்த்துவைக்கவில்லை. போனில் ஒரு கோடுகூடக் கிடையாது. சாயங்காலத்துக்குள் கே.ஐ. கேட்டுக்குத் திரும்ப வேண்டும். ராத்திரியானால் பூட்டிவிடுவார்கள், எங்கள் கூடாரம் உள்ளே.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் வந்து நின்றது. இறங்கியவர் ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். பஞ்சர் போடும் ஊசி, ரப்பர் திரி, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு. கல்லைக் குறடால் பிடுங்கி, துளையில் திரியைத் திணித்து, கத்தியால் நறுக்கி, காற்று அடித்தார். பணம் நீட்டியதற்குத் தலையாட்டினார். அவர் அப்பா ஆலையில் இருந்தாராம். இவரும் கொஞ்ச காலம். இப்போது மூஸ் வேட்டைக்கு வழிகாட்டி. அனுமதி குலுக்கலில் வருகிறது. இந்த முறை வெளிமாநிலத்தார் ஒருவருக்கு விழுந்திருக்கிறது, அவரைக் கூட்டிவரப் போய்க்கொண்டிருந்தார்.

“இந்த நிலம் இப்போ யாருது?” என்று கேட்டேன்.

“பேப்பரில் வேறு பேர் இருக்கும்” என்றார். “எங்களுக்கு இது கிரேட் நார்தர்ன்.”

அந்தக் கம்பெனியின் ஆலை சங்கு ஊதி வருஷக்கணக்காகிறது.

அவர் பேச்சில்தான் ராக்சேன் குவிம்பியின் பெயரும் வந்தது. கட்டாடின் மலைப்பக்கத்துக் காட்டை இரண்டு பேர் இரண்டு விதமாக விலைக்கு வாங்கினார்கள். ஒருவர் பெர்சிவல் பாக்ஸ்டர், 1921 முதல் 25 வரை மாநில ஆளுநர். சட்டமன்றத்தை மலையை வாங்கச் சொல்லிப் பார்த்தார், மசியவில்லை. பதவி போன பிறகு சொந்தக் காசைப் போட்டு, கிரேட் நார்தர்னிடமிருந்தே முதல் துண்டை வாங்கி 1931-ல் மக்களுக்கு எழுதிவைத்தார். பிறகு 1962 வரை வாங்கி வாங்கிச் சேர்த்தது 2 லட்சம் ஏக்கருக்கு மேல். காட்டு நிலையிலேயே இருக்க வேண்டும் என்று எழுதியவர், வடமேற்கு மூலையில் மட்டும் கிட்டத்தட்ட 30,000 ஏக்கரில் முறையாக மரம் வெட்டிக் காட்டுங்கள் என்றும் எழுதினார். எனக்கு அந்த மனிதரில் பிடித்தது இந்த இடம்.

இன்னொருவர் குவிம்பி. ‘பர்ட்ஸ் பீஸ்’ தேன்மெழுகுப் பூச்சு விற்றுச் சம்பாதித்த பணத்தில், 2000-க்குப் பிறகு மலைக்குக் கிழக்கே நிலம் வாங்கினார். நோக்கம் தேசியப் பூங்கா. வாங்கியதும் வெட்டை நிறுத்தினார், வேட்டையை நிறுத்தினார், பனிவண்டியை நிறுத்தினார். குத்தகை வீட்டுக்காரர்களை வெளியேறச் சொன்னார். அவருடைய பட்டா, அவருடைய இஷ்டம். ஆனால் ‘ராக்சேனைத் தடை செய்’ என்று வண்டிகளின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஊர் அலைந்தது. பிறகு அவர் மகன் லூகாஸ் செயின்ட் கிளேர் வீடுவீடாகப் போய்க் காப்பி குடித்துப் பேசி, ஒரு பகுதியில் வேட்டைக்கும் பனிவண்டிக்கும் திரும்ப வழிவிட்டார். 2016 ஆகஸ்டில் ஒபாமா அந்த 87,500 ஏக்கரைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். காட்டைக் காப்பாற்றியவருக்கு ஊரில் திட்டு. வெட்டித் தீர்த்த கம்பெனிக்கு இன்றும் ஊரில் பாசம். தம்பி இதை முட்டாள்தனம் என்றான். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒருவர் வாங்கிய மறுநாள், அப்பா காட்டிக்கொடுத்த மீன் துறைக்குப் போக முடியாது என்றால், அது பத்திரத்தில் எழுதாத ஒரு சொத்து பறிபோவது.

பத்திரத்திலேயே எழுதிவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. 1840-களில் நிலம் வாங்கத் தொடங்கிய பிங்ரீ குடும்பம், 2001-ல் 7,62,000 ஏக்கரில் மனை போட்டு விற்கும் உரிமையை மட்டும் 2.8 கோடி டாலருக்கு ஒரு காட்டுப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் விற்றது. நிலம் அவர்களுடையது, வெட்டும் அவர்களுடையது. இனி அங்கே பங்களா முளைக்காது. ஆனால் அந்தப் பத்திரம் பொதுஜனம் நுழையலாம் என்று உறுதி தரவில்லை. உள்ளே விடுவது அவர்கள் பெருந்தன்மை.

இந்தப் பத்திரங்களுக்கெல்லாம் அடியில் இன்னொரு கணக்கும் கிடக்கிறது. கட்டாடின் என்பதே பெனாப்ஸ்காட் மக்களின் சொல். எழுத்தாளர் தோரோ 1857-ல் இந்தக் காட்டுக்கு வந்தபோது வழிகாட்டிய ஜோ போலிஸ் அந்த இனத்தவர். தங்கள் நிலம் முறையில்லாமல் எடுக்கப்பட்டது என்று பெனாப்ஸ்காட், பாசமகுவாடி இனத்தார் வழக்காடி, 1980-ல் 8.15 கோடி டாலருக்கு ஒரு சமரசம் வந்தது. அந்தப் பணத்தில் அவர்கள் தங்கள் பழைய காட்டில் கொஞ்சத்தைக் கம்பெனிகளிடமிருந்து சந்தை விலைக்குத் திரும்ப வாங்கினார்கள்.

இருட்டுக்கட்டிய பிறகுதான் கே.ஐ. கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். மூடும் நேரம் தாண்டிவிட்டது. குடிலில் விளக்கு எரிந்தது. அந்த அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

“டயரா?” என்றார்.

“ஆமாம்.”

“சாயங்காலமே நினைத்தேன்” என்று சொல்லிக் கேட்டைத் தூக்கினார்.

மறுநாள் காலை வெளியே வரும்போது அதே தாள்கட்டு. எங்கள் பெயரைத் தேட விரலை வரிவரியாக இறக்கினார். முந்தாநாள் தேதியில், என் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். ஐந்து எழுத்தில் மூன்று தப்பு. மீன் கிடைத்ததா என்றார். பிடிக்கவில்லை என்றேன். மூஸ் பார்த்தீர்களா? அதுவும் இல்லை. “பிறகு என்னதான் செய்தீர்கள் மூன்று நாள்?” என்று நிஜமான வியப்போடு கேட்டுவிட்டு, ஸ்கேல் வைக்காமலே எங்கள் வரியின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.